இரவல் விரல்

"உன் விரலைக் கொஞ்சம் குடுக்கிறியாம்மா?" என்று அப்பா முதன்முதலாகக் கேட்டபோது அவள் சிரித்துவிட்டாள். அடுப்படியிலிருந்து அம்மா, "எவ்வளவு காட்டுது?" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். நூற்றுக்குள் வந்தால் அன்றைக்கு டீயில் ஒரு கரண்டி சர்க்கரை. தாண்டினால் வெறும் டீயும், வயிறு நிறையத் திட்டும். அது அம்மா போட்ட சட்டம். அப்பா சர்க்கரை பார்க்கும் மெஷினைக் காட்டிக் கண்ணடித்தார். அவள் விரலை நீட்டினாள். சுருக்கென்று ஒரு குத்து. "தொண்ணூத்தி ஒண்ணு!" என்று அப்பா போட்ட சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். வேன் ஓட்டுகிறவர். வாய் ஓயாது. தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

ஒருநாள் விளையாட்டு தினப்படி வேலையாகிவிட்டது. பல் தேய்த்ததும் விரலை நீட்ட வேண்டும். அம்மாவோ, தான் சமைத்துப் போடுகிற பக்குவத்தில்தான் சர்க்கரை அடங்கிவிட்டது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்தாள். மாத்திரையையும் பாதியாக்கினாள். அப்பாவின் குதிகால் புண் மட்டும் ஆறாமல் ஈரமாகவே இருந்தது. "சொல்லிடலாம்பா" என்று அவள் ஒருமுறை கேட்டாள். "சொன்னா உங்கம்மா என்னை உயிரோட விடுவாளா? நமக்குள்ளயே இருக்கட்டும் தங்கம்."

பிறகு அவளுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. குடத்தைச் சாய்த்துக் குடித்தாலும் நாக்கு காய்ந்தே கிடந்தது. பாடம் நடக்கும்போது அடிக்கடி எழுந்து வெளியே போனாள். "உனக்குன்னு தனியா கதவு வச்சுடலாமா?" என்று டீச்சர் கேட்டதும் வகுப்பே சிரித்தது. கரும்பலகை எழுத்து கலங்கியது. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு தேடியது. எழுந்திருக்கவே முடியாத ஒரு காலையில், "படிக்க உடம்பு வளையல" என்றாள் அம்மா. "விடு, பொண்ணு வீட்டோட இருக்கட்டும்" என்றார் அப்பா. அவருக்கென்ன, விரல் வீட்டோடு இருந்தது.

ஸ்ட்ரிப் தீர்ந்து சில வாரமாகச் சும்மா கிடந்த மெஷினில், அம்மா மலிவாக வாங்கி வந்த புது ஸ்ட்ரிப்பைச் செருகி, இன்றைக்கும் குத்தினார். எண் வந்தது. கூவலைக் காணோமே என்று அம்மா டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"என்னத்தைத் தின்னு தொலைச்சீங்க?"

அப்பா எண்ணைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒட்டிப்போன கன்னத்தை, பக்கத்தில் காலியாகக் கிடந்த சொம்பை. அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை அவள் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள்.

"மெஷின் கெட்டுப்போச்சுடி" என்று ஆரம்பித்தார். "பேட்டரி இறங்கியிருக்கும். அந்த ஸ்ட்ரிப்பும் ஈரத்துல நமுத்துப்போயிருக்கும். அன்னிக்கே சொன்னேன், மலிவா வாங்காதேன்னு..." ரேடியோ பாடிக்கொண்டே போனது.

அவள் குத்துப்பட்ட விரலை அம்மாவிடம் நீட்டினாள்.

"அது என் ரத்தம்மா."

ரேடியோ நின்றது.

"என்னடி உளர்ற?"

"இன்னிக்கு மட்டும் இல்ல. இத்தனை நாளும் என் ரத்தம்தான். அப்பாவோட சர்க்கரை டீக்காக."

அம்மா டம்ளரைத் தரையில் வைத்தாள். புது ஸ்ட்ரிப்பைச் செருகி, அவளுடைய இன்னொரு விரலைப் பிடித்துத் தானே குத்தினாள். முந்நூற்று எட்டு. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நீ ஏன்டி சொல்லல?"

இதற்கும் அவள்தானா? "என்னை ஏம்மா கேக்கிற?" வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத குரலில் கத்தினாள். "நான் தண்ணி குடிச்சே சாகறேன், நீ உடம்பு வளையலன்னு சொன்ன. அவரைக் கேளு. இப்ப நம்பரைப் பாத்ததும் தெரிஞ்சுதா இல்லையான்னு அவரைக் கேளு!"

அம்மா திரும்பினாள். "தெரிஞ்சுதா?"

அப்பா எழுந்தார். அம்மா அதற்குள் பீரோவைத் திறந்து, "டாக்டர்கிட்டப் போகணும், வேனை எடுங்க" என்று துணிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கதவோரம் ஆணியில் தொங்கிய வேன் சாவியை நோக்கி அப்பாவின் கை போனது, தொட்டது. அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு, குதிகாலை ஊன்றாமல், தெருவில் இறங்கி நடந்தார்.

ஆணியில் சாவி ஆடிக்கொண்டிருந்தது.