தண்ணீர் ஏறிய நேரம்

படம் முடிந்ததும் யாரோ கைதட்டினார்கள். விசாரணையில் கைதட்டக் கூடாது என்று தட்டியவருக்கே உறைத்திருக்க வேண்டும், சத்தம் பாதியில் நின்றது. ஆனால் தட்டத் தோன்றும்படித்தான் படம் இருந்தது. வெள்ளத்தைக் கணினிக்குள் கணக்காக ஓடவிட்டு, அது கக்கிய எண்களைப் படமாக்கியவள் லிஸ்மி. ஆற்று வளைவில் செம்மண் நிறத்தில் தண்ணீர் திரும்பும். ஒவ்வொரு தூணாகச் சுழித்து ஏறும். மதகுப் பலகைகளின் விளிம்பைத் தொட்டு, தயங்கி, இடது கரைக்குள் இறங்கும். திருச்சூரில் ஒரு மாடியில் நாலு பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு இது பெரிய பெருமை. முதலாளி பவித்ரன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

அந்த இடது கரையில்தான் பௌலோஸ், கட்டிப்போட்ட பசுவை அவிழ்க்கப் போய் வெள்ளத்தோடு போனார். மேலே காட்டுக்குள் இருந்த தடுப்பு உடைந்து தண்ணீர் வந்தபோது மதகைத் திறக்க வேண்டிய சுகதன், சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருந்தார். இரைச்சல் கேட்டதுமே ஓடினார் என்று கடைக்காரர் சொன்னார். அவர் சுகதனின் சினேகிதர். சினேகிதர் சொல்லுக்கு விசாரணையில் என்ன மதிப்பு இருக்கும், தெரிந்ததுதானே.

படமோ எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. அன்று காலையின் இரண்டு மணி நேரத்தை ஒன்றரை நிமிடத்துக்குள் அடக்கிய படம். அதில் முக்கால் பங்கு தண்ணீர் ஏறுவதுதான். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஏறியிருக்கிறது. விசாரணை அதிகாரி சத்யபாமா மேடம் வாயால் கணக்குப் போடவில்லை, சுகதனைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

சுகதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பௌலோஸும் அவரும் இருபத்தெட்டு சீட்டாட்டத்தில் எப்போதும் ஜோடி. சீட்டைப் போட்டு எழுந்துபோகும்போது ஒருவரையொருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொள்ளாவிட்டால் அன்றைக்கு இருவருக்கும் சோறு இறங்காது.

"இவ்வளவு நேரம் இருந்துச்சா?" என்றார் யாரிடமும் இல்லாமல். "நான் என்னமோ கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துச்சுன்னுல்ல நெனச்சேன். நடந்தே போயிருக்கலாமே."

பக்கத்திலிருந்த யூனியன்காரர் அவர் தொடையைக் கிள்ளினார். "வாயை மூடு சேட்டா."

"இல்லடா. படத்துல இருக்கே."

ஒரு மனுஷனுக்குத் தன் நினைவைவிட அவள் படம் நிஜமாகத் தெரிகிறதே என்று லிஸ்மிக்குப் பயமாக இருந்தது. ஆனால் எண்கள் சரி, தண்ணீரின் உயரம் சரி, வேகம் சரி. பலமுறை சோதித்தவள் அவள்தான்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பு ஒரே ஒரு திருத்தம் வேண்டுமென்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். மூலையில் ஒரு கடிகாரம் ஓட வேண்டும். ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை. லிஸ்மி கடிகாரத்தைச் சேர்த்து ஓடவிட்டாள். ஆறு அமைதியாகக் கிடந்தபோது அது தறிகெட்டு ஓடியது, ஒரு தாவலில் கால்மணி நேரம் போனது. தண்ணீர் வளைவில் திரும்பியதும் கடிகாரம் நின்றுவிட்டதோ என்று நினைத்தாள். நிற்கவில்லை. நொடி நொடியாக ஊர்ந்தது. தூண்கள் முழுவதும் மூழ்கி முடிந்தபோது ஆறே நிமிடம்தான் கழிந்திருந்தது.

கணக்கைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் பாயும்போது கணினி தவறிவிடாமலிருக்க நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் கணக்குப் போடும். இத்தனை துண்டுக்கு ஒரு படம் என்று சேமிக்கச் சொல்லியிருந்தாள். பாய்ச்சல் எங்கேயோ அங்கேதான் படங்கள் குவிந்திருந்தன. கல்யாண ஆல்பம் மாதிரி. மின்னு, அதாவது தாலி, கட்டுவது கண்ணிமைக்கும் நேரம், ஆல்பத்தில் பாதி அதுதான். வீட்டிலிருந்து சர்ச்சுக்குப் போன ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒரே ஒரு படம். அப்படிக் குவிந்த படங்களையெல்லாம் ஒரே வேகத்தில் புரட்டிக் காட்டியிருக்கிறாள், ஆறு நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரிந்திருக்கிறது.

பவித்ரனுக்குப் புரிந்தது. புரிந்ததனால்தான் கோபம்.

"கொடுத்த படத்தைத் தப்புன்னு சொன்னா நாளைக்கு எவன் வேலை தருவான்? கடிகாரம் அந்தப் படத்துலேயே இருக்கட்டும், பார்க்கிறவன் பார்த்துக்குவான்."

"யாரும் மூலையைப் பார்க்க மாட்டாங்க சார். தண்ணியைத்தான் பார்ப்பாங்க."

நிஜக் கடிகாரத்தின் வேகத்திலேயே புதிதாக ஒன்று செய்து அவருக்குக் காட்டினாள். சுகதன் டீக்கடைக்குப் போன நேரத்திலிருந்து தொடங்கியது. பவித்ரன் இரண்டு முறை கொட்டாவி விட்டார்.

"என்ன லிஸ்மி, ஒண்ணுமே நடக்கல? தூங்கிடுவாங்க."

"தூங்கட்டும் சார்," என்றாள் அவள். "அந்த ஆளு ராத்திரி தூங்கறாரான்னு நினைச்சுப் பார்த்தீங்களா?"

பவித்ரன் பேனா மூடியைக் கடித்தார். பிறகு, "நானே எழுந்து சொல்லிக்கறேன், நீ பேசாதே," என்றார்.

சொன்னார். அடுத்த கூட்டத்தில் எழுந்து, முதல் படத்தில் நேரம் தப்பு, தவறு எங்களுடையது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மேடம் முகம் சுளித்தார். "சரி, போடுங்க பார்ப்போம்."

திரையில் ஆறு கிடந்தது. அசைவே இல்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு ஒருவர் கைப்பேசியை எடுத்தார். யூனியன்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பியூன் டீயும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்தார். ஆறு அப்படியே கிடந்தது. சர்க்கரை போடவில்லை என்று மேடம் பியூனைக் கூப்பிட்டார், சர்க்கரை வந்தது, போட்டுக் கலக்கினார், பழம்பொரியைப் பிய்த்தார், எண்ணெய் பட்ட விரலைத் துடைக்கக் காகிதம் தேடினார். நிமிர்ந்தபோது இடது கரை முழுக்கச் செம்மண் நிறம்.

"எப்ப ஏறிச்சு?" என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. பார்த்தது சுகதன் ஒருவர்தான். அவர் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தார்.

"மோளே," என்றார் லிஸ்மியிடம், "இன்னொரு தடவை போடு."

லிஸ்மி போட்டாள். திரையில் மறுபடியும் ஆறு அசையாமல் கிடந்தது. இந்த முறை யாரும் கைப்பேசியைத் தொடவில்லை. எல்லோரும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசையின் மேல் டீக்கிளாஸ்களில் ஒவ்வொன்றாக ஆடை படிந்துகொண்டிருந்தது.