ஆறு ஜிபி லோடு

கிரேன் கேமராப் பதிவுகளை மதியம் இரண்டு மணிக்குள் சேஃப்டி ஆபீசர் பாக்கியலட்சுமியின் லேப்டாப்பில் சேர்த்தாக வேண்டும். பாசிர் ரிஸ் கட்டட சைட்டில், பதிவுகள் சேரும் கறுப்புப் பெட்டியோடு பேசத் தெரிந்தவன் அசோக் ஒருவன்தான். பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். மேடத்திடம் இருப்பது விண்டோஸ். பெட்டிக்கு வைஃபை கிடையாது. ஏழு நாள் ஆன பதிவை அழித்துவிட்டு அதன் மேலேயே புதிதை எழுதிக்கொள்ளும். இன்று ஏழாவது நாள்.

போன புதன்கிழமை கிரேன் கொக்கியில் தொங்கிய ஸ்லிங் வாரிலிருந்து கம்பிக்கட்டு நழுவி விழுந்து, கூட வேலை பார்க்கும் ஞானசேகரனின் வலது பாதம் நசுங்கிப் போயிற்று. தடுப்பைத் தாண்டி லோடுக்கு அடியில் அவனாகவே போனான் என்று கம்பெனி எழுதி வைத்துவிட்டது. அதுவே நிலைத்துவிட்டால் வேலை பெர்மிட்டை வெட்டி, நொண்டிக் காலோடு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவன் எதையும் தாண்டவில்லை. அங்கே தடுப்பே இல்லை. கான்கிரீட் லாரிக்கு வழிவிட அதை இழுத்து ஓரம் போட்டவன் அசோக். திரும்பப் போட மறந்தவனும் அவனே. இது அவனுக்கும் லிஃப்டிங் சூப்பர்வைசர் ரகுபதிக்கும் மட்டும் தெரியும்.

ஆபீசில் கொடுத்த பென் டிரைவைப் பெட்டியில் செருகிக் கட்டளையைத் தட்டினான். கோப்புகள் வரிவரியாக நகர்ந்தன. ஒன்று மட்டும் போகவில்லை. கோப்பு மிகப் பெரியது என்றது திரை. எது என்று பார்த்தான். புதன்கிழமைக் கோப்பு.

கொக்கி ஏறினால் பதிவு தொடங்கும், இறங்கினால் முடியும். ஒரு தூக்குக்கு ஒரு கோப்பு. அன்று அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை கொக்கியை நாலு மணி நேரம் அந்தரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் ஒரே கோப்பு ஆறு ஜிபி. பென் டிரைவோ பழைய ஃபார்மட். நாலு ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை வாங்காது.

"மெஷினே கைய விரிச்சிருச்சு" என்றார் பின்னால் நின்ற ரகுபதி. "வரலைன்னு சொல்லிட்டுப் போடா. ராத்திரி தானா அழிஞ்சிரும்."

அசோக் அதே கட்டளையை மறுபடி தட்டினான். அதே பதில்தான்.

"உனக்கு ரெண்டு புள்ள இருக்கு. அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"கால் போனவனுக்கு யாருண்ணே பொண்ணு குடுப்பா?"

ஆனாலும் அசோக் எழுந்துவிட்டான். வரவில்லை என்பது பொய்கூட இல்லை. கதவு வரை போனவன் நின்றான்.

"அண்ணே, அஞ்சு டன் கிரேனுக்கு எட்டு டன் கம்பி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பிரிச்சு ரெண்டு தூக்காத் தூக்குவேன். அதுக்கென்ன இப்ப?" என்றவருக்குச் சட்டென்று விளங்கியது. "போடா. உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்க."

ஸ்பிளிட் என்ற கட்டளையால் கோப்பை மூன்று மூன்று ஜிபியாக வெட்டினான். இரண்டு துண்டும் முணுமுணுக்காமல் போயின.

கன்டெய்னர் ஆபீசில் பாக்கியலட்சுமி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன அசோக், இவ்ளோ லேட் லா? விசாரணை ஆபீசர் வந்துருவார்."

"ஒரு ஃபைல் ரெண்டு துண்டா இருக்கு மேடம். ஒட்டணும்."

லேப்டாப்பில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, முன்துண்டு, கூட்டல் குறி, பின்துண்டு என்று வரிசை மாறாமல் தட்டினான். ஒட்டி வந்த கோப்பின் அளவு, பெட்டியில் பார்த்துக் குறித்து வந்த அளவோடு ஒரு பைட் பிசகாமல் பொருந்தியது.

மேடம் ஓடவிட்டார். மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் தடுப்பை இழுத்து ஓரம் போட்டான். லாரிக்குக் கை காட்டினான். லாரியோடு போயே போய்விட்டான். அந்த வழியாகத்தான் ஞானசேகரன் நடந்து வந்தான்.

மேடம் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார். "இது யாரு? மேலேர்ந்து ஹெல்மெட்தான் தெரியுது."

"நான்தான் மேடம்."

மவுசிலிருந்து அவர் கை விலகியது. "எழுதித் தருவியா?"

"பேனா குடுங்க" என்றான் அசோக்.