சுண்ணாம்பு தடவாத கலயம்

வியாகுலமேரிக்கு அன்று காலையிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. புருஷன் ஞானராஜ் வாத்தியார் டைபாய்டு காய்ச்சலில் விழுந்து பிழைத்து, எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தார். காய்ச்சல் விட்டதும் அகோரப் பசி வந்துவிட்டது. அதுதான் இப்போது பயம். "பாலும் ரொட்டியும்தான். சோறு உள்ள போச்சுன்னா புண்ணான குடல் தாங்காது" என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார்.

இலுப்பூர் யாக்கூப் ராவுத்தர் கடையிலிருந்து பஸ்ஸில் ரொட்டி வந்துகொண்டிருந்தது. கடையின் அடுப்பு இடிந்ததும் அது நின்றுபோயிற்று. முந்தின நாள் முழுக்க வெறும் பாலைக் குடித்துவிட்டு, "ஒரு வாய் சோறு போடு மேரி" என்று ஞானராஜ் சிறுபிள்ளைபோல் அழுதார். அவருக்கு எட்டக்கூடாதென்று சோற்றுப் பானையை அவள் உறியில் தூக்கி வைத்தாள்.

வீட்டிலேயே ரொட்டி சுட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். அவளுடைய அப்பா ஆவூரில் பாதிரிச் சாமியார் பங்களாச் சமையல்காரர். மாவில் கள்ளை ஊற்றிப் பிசைந்து, பொங்கியதும் அவர் வெள்ளை ரொட்டி சுடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். மைதா கிடைத்தது. கள்ளுக்குத்தான் வழியில்லை. மதுவிலக்கு வந்தபின் பதநீர் மட்டும்தான் இறக்கலாம். அது புளித்துக் கள்ளாகாமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவியாக வேண்டும்.

பனையேறி பிச்சைமுத்துவிடம் போய் நின்றபோது அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வேணாந்தாயி. என்னயத் தூக்கி உள்ள வச்சிருவாங்க."

"வாத்தியாரு பொழைக்கணும் பிச்சைமுத்து."

அவன் மகனும் அந்த வாத்தியாரிடம்தான் படித்தான். ஒரே ஒரு கலயத்தை மட்டும் சுண்ணாம்பு தடவாமல் கட்டினான்.

விடிந்ததும் அதை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வேகவேகமாக நடந்தாள். பாதி வழியில் ஏட்டு ஆண்டிச்சாமி சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார்.

"முந்தானைக்குள்ள என்னம்மா நொரைக்குது?"

"ரொட்டி சுடறதுக்குங்க."

"கள்ளுல ரொட்டியா? என் சர்வீசுல இப்பிடி ஒரு பொய்யக் கேட்டதில்ல. யாரு எறக்கிக் குடுத்தது?"

பிச்சைமுத்துவின் பேரை அவள் சொல்லவில்லை. "ஸ்டேஷனுக்கு வேணும்னாலும் வாரேங்க. மொதல்ல எங்கூட வீட்டுக்கு வாங்க. டைபாய்டுல விழுந்த அவுக தனியா கெடக்காக. சோறு உள்ள போனா கொடல் தாங்காதுங்க. பசி தாங்காம என்ன செய்வாகன்னு தெரியல."

ஏட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். அவர் நடையின் நிதானம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டில் கட்டில் காலி. அடுக்களையில் முக்காலி கவிழ்ந்து கிடந்தது. உறிப்பானையை மடியில் இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார் ஞானராஜ். உருட்டிய கவளம் வாயருகே போய்விட்டது. வியாகுலமேரி கலயத்தை இறக்கி வைப்பதற்குள் ஏட்டு பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். சோறு தரையில் சிதறியது.

"விடுய்யா! பசிக்கிதுய்யா!"

"முழுங்கிட்டீங்களா வாத்தியாரே?"

ஞானராஜ் இல்லையென்று தலையாட்டினார். கண்ணீர் தாடியில் வழிந்தது. அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

"நீ சுடும்மா. இவர நான் பாத்துக்கிறேன். ரொட்டி வரலைன்னா மட்டும் கேஸு நிச்சயம்."

மாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு வெயிலில் வைத்தாள். அசையவே இல்லை. உள்ளே போனாள், வெளியே வந்தாள், துணியைத் தூக்கினாள், மூடினாள். "சும்மா சும்மா தெறந்தா அது எப்பிடிம்மா பொங்கும்?" என்று அதட்டிய ஏட்டே இரண்டு தடவை எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். உச்சி வெயிலில் துணி மெல்ல உப்பியது. உருட்டிப் பிஸ்கட் டின்னில் போட்டு இன்னொரு தடவை பொங்கவிட்டாள். பிறகு மணல் பரப்பிய பானைக்குள் அதை இறக்கி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டாள்.

வெளியே எடுத்தபோது அடி கருகி, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அறுத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சாக இருந்தது. பாலில் நனைத்துக் கொடுத்ததை ஞானராஜ் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்.

ஏட்டு கருகிய ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மீதிக் கள்ளைக் கொல்லையில் கவிழ்த்தார். "இன்னொருக்கா கலயத்தோட பாத்தேன், விடமாட்டேன்" என்றபடி சைக்கிளில் ஏறினார்.

அவர் தலை மறைந்ததும் வியாகுலமேரி கிண்ணத்தை எடுத்துப் பார்த்தாள். சுடாமல் கிள்ளி வைத்த மாவு அதில் இருந்தது. நாளைய ரொட்டிக்கு அதுதான் புளிப்பு. பொங்குமா, பொங்காதா? மூடினாள். கட்டிலில் ஞானராஜ் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் மறுபடியும் திறந்தாள்.