ராக்னாவுக்குத் தெரியாதது

வெண்டெலுக்குப் பதில் சொல்ல டெல்மர் ஸ்கோகனுக்கு இன்னும் இருபத்தொன்பது மணி நேரம் இருந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணி கெடு. அதற்குள் அவர் தன் மனைவியிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதில்தான் சிக்கல். சனிக்கிழமை நண்பகலோடு அவர் மனைவி செத்து நூற்று முப்பது வருடம் ஆகியிருந்தது.

செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறு டோல்விக் ஊர் கல்லறைத் தோட்டத்தில் 'முன்னோர் நடை' நடக்கும். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்து அந்த ஊர்ப் புல்வெளியை முதன்முதலில் உழுதவர்களைப் போல் ஊர்க்காரர்கள் வேடம் கட்டிக்கொண்டு அவரவர் கல்லறைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். பார்க்க வருபவர்கள் கூட்டம் கூட்டமாக நகர்வார்கள். மணி அடித்ததும் செத்தவர் வாயைத் திறந்து தன் கதையைச் சொல்வார். இதையெல்லாம் நடத்துவது ஊர் வரலாற்றுக் கழகம். கழகத்தின் தலைவி லவோன் ஸ்கோகன், டெல்மரின் மனைவி.

லவோன் போட்ட விதி ஒன்றே ஒன்றுதான். நீங்கள் யாராக நிற்கிறீர்களோ அவர் செத்த நாள்வரை நடந்தது மட்டுமே உங்களுக்குத் தெரியும். கைக்கடிகாரத்தோடு வந்த கொல்லனை அவள் ஒருமுறை பாதியில் வீட்டுக்கு அனுப்பினாள். அவர் உள்ளூர் பேங்க் மேனேஜர். அவள் கவலைப்படவில்லை. தனக்கு அவள் போட்டுக்கொண்ட விதி இன்னும் கடுமை. முந்தின நாள் பன்னிரண்டு மணிக்கே ராக்னா ஸ்கோகன் ஆகிவிடுவாள். நடை முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஊர் விருந்து முடிந்து, கடைசித் தட்டு கழுவப்படும்வரை அவள் ராக்னாதான். ராக்னா 1894 மார்ச்சில் காய்ச்சலில் போனவள்; டெல்மர் வேடம் கட்டும் டோர்கெலின் மனைவி.

பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிடத்தில் டெல்மர் சமையலறைக்கு வந்தார். ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுத்துணிப் போர்வை போர்த்தியிருந்தது. அதற்கடியில் அது உறுமிக்கொண்டிருந்தது. தலையில் வெள்ளைத் துணித்தொப்பி, தாடைக்குக் கீழே முடிச்சு, முழங்கைவரை மாவு. அவள் உருளைக்கிழங்கு லெஃப்ஸா ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"லவோன், ஒரு விஷயம் பேசணும்."

"யாருங்க லவோன்?"

"ரெண்டு நிமிஷம்தானே ஆச்சு. அதுக்குள்ளயா?"

"வேலைக்காரி வைக்கிற அளவுக்கு நமக்கு வசதி வந்துடுச்சா என்ன? யாரு அவ?"

முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் லவோன் அவரை 'நீங்க' என்று சொன்னதில்லை. ராக்னா சொல்வாள். அந்தக் காலத்து மரியாதை.

"சரி. ராக்னா, தெக்க அரிசோனான்னு ஒரு இடம் இருக்கு."

"கேள்விப்பட்டிருக்கேன். அது இன்னும் மாநிலமாக்கூட ஆகலையே."

"என் தம்பி அங்கதான் இருக்கான்."

"உங்க தம்பி கப்பல்லயே செத்துட்டாருங்களே."

"இது வேற தம்பி."

"எத்தனை தம்பிங்க உங்களுக்கு?"

டெல்மர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேறு பக்கமாகச் சுற்றி வர முடிவு செய்தார்.

"அங்க குளிரே கிடையாதாம்."

"கோதுமை வருமா?"

"கோதுமையெல்லாம் இல்ல. எல்லாரும் கால்ஃப்தான்."

"அது என்ன பயிருங்க? மாட்டுத் தீவனமா?"

டெல்மர் ஒரு ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவிச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். வாய் நிறைந்திருந்தால் பேசத் தேவையில்லை. ஜூன் மாதத்திலிருந்து அவர் இப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. டெல்மருக்கு இன்னொரு குளிர்காலம் வேண்டாம். அவ்வளவுதான். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை விடிந்ததும் பனி தள்ளும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசலிலிருந்து ரோடுவரை உழுவதுபோல் நடக்க வேண்டும். நடந்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் நடந்த இடம் மறுபடி வெள்ளையாக இருக்கும். லவோன்தான் அந்தச் சிவப்பு இயந்திரத்தை அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தாள். போன பிப்ரவரியில் ஒரு காலைக்குப் பிறகு, இனி இது போதும் என்று அவர் தீர்மானித்துவிட்டார். அந்தக் காலையைப் பற்றி அவர் வீட்டில் மூச்சுவிடவில்லை.

பக்கத்துப் பண்ணை வெண்டெல் பிராட்டன் ஏற்கெனவே டெல்மரின் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுகிறவர். அவர் மகன் டிரெவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டிரெவர் டெல்மரின் வீட்டையே வாங்கிக்கொள்ளத் தயார். இல்லை என்றால் திங்கள்கிழமை டவுனில் வேறு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவான். அதற்கப்புறம் அந்த அத்துவானத்தில் வீடு வாங்க யார் வரப்போகிறார்கள்?

லவோனிடம் எப்படிச் சொல்வது? ஸ்கோகன் குடும்பத்தில் பிறந்தவர் டெல்மர். ஆனால் அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவள் லவோன். கொள்ளுத்தாத்தா டோர்கெலுக்கு எந்தக் கடைவாய்ப் பல் வலித்தது என்பதுவரை அவள் அறிவாள். ஒரு ஜனவரியில் இருவரும் அரிசோனாவுக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார்கள். டெல்மர் அரைக்கால் சட்டையோடு வெயிலில் சாய்ந்து கிடந்தார். லவோன் அந்த ஊர் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்து, "இங்க 1985-க்கு முன்னாடி யாருமே சாகலையா?" என்று கேட்டாள். அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு டெல்மர் அரைக்கால் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை, டோர்கெல் கையில் பிடிக்க வேண்டிய வைக்கோல் கவையை எடுக்கக் கொட்டகைக்குப் போனார். மூலையில் இருந்தது. இருட்டில் நேராக நடந்து போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எப்போதும் முழங்காலில் ஏதாவது இடிக்கும். அன்று இடிக்கவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார்.

மதியம் ஒரு மணிக்கு நடை தொடங்கியது. காற்று கல்லறைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்போல் அடித்தது. டெல்மரின் தாடி குதிரைவாலிலிருந்து எடுத்தது. பசை காய்வதற்குள் அதில் இரண்டு காய்ந்த இலைகள் ஒட்டிக்கொண்டன. இயற்கையாக இருக்கிறது என்று ராக்னா அனுமதித்தாள்.

மணியோடு முதல் கூட்டத்தை அழைத்து வந்தவள் ஜோலீன், வெண்டெலின் மனைவி, கழகத்தின் செயலாளர். கூட்டம் வந்து நிற்பதற்குள் அவள் டெல்மர் காதருகே வந்தாள்.

"அவர் கேக்கச் சொன்னாரு. அஞ்சு மணின்னா அஞ்சு மணியாம்."

"இவகிட்ட நீ எதுவும் சொல்லிடலையே?"

"நான் எதுக்குச் சொல்றேன்," என்றாள் ஜோலீன், டெல்மரின் முகத்தைப் பார்க்காமல் தாடியைப் பார்த்து. பிறகு மணியை அடித்தாள்.

டோர்கெல் கவையைத் தரையில் ஊன்றினார். லவோன் எழுதிக் கொடுத்த பேச்சு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. நார்வேயில் கல் பொறுக்கியது, கப்பல், மாட்டு வண்டி, புல் மண்ணை வெட்டி அடுக்கிக் கட்டிய வீடு, அதன் கூரையிலிருந்து கஞ்சிப் பானைக்குள் விழுந்த பாம்பு. இரண்டாம் மனைவி மட்டும் பேச்சில் இல்லை. ராக்னா போன மறுவருடமே டோர்கெல் சமையல்காரியைக் கட்டிக்கொண்டார். "நான் பக்கத்துலயே நிக்கிறேன், எனக்குத் தெரியாது, அதனால அதைப் பத்திப் பேசாதே," என்று லவோன் பேச்சு எழுதிய காலத்திலேயே வெட்டிவிட்டாள்.

கடைசி வரி இது: "என் வண்டி நின்ன இடம் இது. இங்கேர்ந்து என்னைக் கால் முன்னால போக நாலு பேர் தூக்கிட்டுத்தான் போகணும். நானா கிளம்ப மாட்டேன்."

முதல் கூட்டத்திடம் அதைச் சரியாகவே சொன்னார். இரண்டாவது கூட்டத்திடம், "நானா கிளம்ப மாட்டேன், பெரும்பாலும்," என்றார். ராக்னாவின் துணித்தொப்பி மெல்லத் திரும்பி மறுபடி நேரானது. மூன்றாவது கூட்டத்திடம் கால் முன்னால் என்பதற்குப் பதில் தலை முன்னால் என்று சொல்லி, ஒரு தாத்தா சிரிக்க, டோர்கெலும் சிரிக்க வேண்டியதாயிற்று. நான்காவது கூட்டத்தின் நடுவில், கஞ்சிப் பானைக்குள் பாம்பு விழும் நேரத்தில், அவர் கால்சட்டைப் பையில் செல்போன் க்ர்ர் க்ர்ர் என்று அதிர ஆரம்பித்தது.

ராக்னா கூட்டத்தைப் பார்த்தபடியே கேட்டாள். "உங்க இடுப்புல ஏதோ கத்துதுங்களே."

"தவளை," என்றார் டோர்கெல்.

"பைக்குள்ளயா வெச்சிருக்கீங்க?"

"மழை வந்தா சொல்லும்."

"அப்ப அதுகிட்ட சொல்லுங்க. நாம உயிரோட இருந்த வருஷமெல்லாம் வறட்சின்னு."

கூட்டம் கை தட்டியது. டெல்மருக்குத் தாடிக்குள் வேர்த்தது. பைக்குள் கைவிட்டு வெண்டெலின் அழைப்பை நெரித்தார்.

கூட்டங்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் அவர் இன்னொரு முறை முயன்றார். இருவரும் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ராக்னா, நம்ம வீட்டை யாராவது கேட்டா?"

"மண்ணு வீட்டையா? பாம்போடவா, இல்லாமலா?"

"லவோன், தயவுசெஞ்சு."

"அந்த வேலைக்காரி இன்னும் போகலையா?" என்றாள். ஆனால் இந்த முறை அவள் முகத்தைத் திருப்பி அவரை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

கடைசிக் கூட்டம் நாலரைக்கு வந்தது. ஊர்க்காரர்கள் பாதி, வெளியூர்க்காரர்கள் பாதி. ஜோலீன் முன்னால் நின்றாள். டோர்கெல் கல் பொறுக்கினார், கப்பலேறினார், பாம்பை விழ வைத்தார். கடைசி வரிக்கு வந்தபோது, சிவப்பு ஜாக்கெட் போட்ட வெளியூர்ப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"இவ்வளவு கஷ்டத்துல, இந்த இடத்தை விட்டுக் கிளம்பிடலாம்னு உங்களுக்கு எப்பவாவது தோணிருக்கா?"

இந்தக் கேள்விக்கு லவோன் ஒரே ஒரு வரி பதில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒருபோதும் இல்லை. ஊரே அந்தப் பதிலைக் கேட்டிருக்கிறது.

டெல்மர் வாயைத் திறந்தார்.

"தோணிருக்கு," என்றார்.

ஜோலீன் கையிலிருந்த மணி தானாக ஒருமுறை அசைந்தது.

"போன பிப்ரவரியில, கொட்டகை வாசல்ல, பனியில வழுக்கி விழுந்துட்டேன். இடுப்பு அசையல. நாப்பது நிமிஷம் மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன். நாய் வந்துச்சு. நான் எதையோ தின்னுட்டிருக்கேன்னு நினைச்சு வாயை மோந்து பாத்துட்டு, ஒண்ணுமில்லேன்னு தெரிஞ்சதும் போயிடுச்சு. அப்புறம் நானே உருண்டு, கதவைப் பிடிச்சு எழுந்தேன். ராக்னா கேட்டதுக்கு, பக்கத்துப் பண்ணைக்காரனோட பேசிட்டிருந்தேன்னு சொன்னேன்."

தாடியின் ஒரு பக்கம் பசை விட்டுத் தொங்கியது. அவர் அதைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"இந்த மண்ணுலதான் என்னைப் புதைக்கணும்னு ஆசைப்பட்டவன் நான். இப்பவும் அப்படித்தான். ஆனா வானத்தைப் பாத்துட்டுப் படுத்திருந்தப்ப, அதுக்கு இவ்வளவு அவசரம் இல்லேன்னு தோணுச்சு." கவையை இன்னும் ஆழமாக ஊன்றினார். "இன்னொரு குளிர்காலம் எனக்கு முடியாது. இவளோட ஆளுங்க எல்லாம் இங்கதான் படுத்திருக்காங்க, அது எனக்குத் தெரியும். இவ வரலேன்னா நானும் போகல. ஆனா கேக்கவாவது செய்யணும்ல. ஜூன்லேர்ந்து கேக்கணும்னு இருக்கேன்."

சிவப்பு ஜாக்கெட் பெண் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். டோர்கெல் எவ்வளவு தத்ரூபம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தாள். ஊர்க்காரர்கள் டோர்கெலைப் பார்க்கவில்லை. எல்லோரும் ராக்னாவைப் பார்த்தார்கள். அவள் தன் கல்லறைக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பிறகு தாடைக்குக் கீழே இருந்த முடிச்சை அவிழ்த்தாள். துணித்தொப்பியைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்தாள். நரைத்த குட்டை முடி காற்றில் நட்டமாக நின்றது. இத்தனை வருடங்களில் கடைசித் தட்டு கழுவுவதற்கு முன் அந்தத் தொப்பி கழன்றதை டோல்விக்கில் யாரும் பார்த்ததில்லை. ஜோலீன் நேராகப் புல்லைப் பார்த்தாள்.

"நாப்பது நிமிஷமா," என்றாள் லவோன். "இடுப்புன்னு மட்டும்தான் ஜோலீன் சொன்னா. நீ வெண்டெல்கிட்ட சொல்லுவே, நாய்க்குக் காட்டுவே, எங்கிட்ட மட்டும் சொல்ல மாட்டே."

"லவோன்."

"அந்தச் சிவப்பு மிஷினை செவ்வாய்க்கிழமையே வித்துட்டேன், டெல்மர். டிரெவர் வந்து எடுத்துட்டுப் போயிட்டான். இனிமே நம்ம வாசல்ல பனி தள்ளப்போறவன் அவன்தானே."