ஒரே கத்தியில் வெட்டிய இரண்டு

பூசாரியின் கையிலிருந்த பித்தளைத் தட்டைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள் மயிலாத்தாள். அது சிமெண்ட் ரோட்டில் சுழன்று உருண்டு, சாயத்தண்ணீர் ஓடும் சாக்கடைக்குள் விழுந்தது. வேப்பிலைக் கொத்து ஊதாத் தண்ணீரில் மிதந்து போனது. லைன் வீட்டு வாசலில் கூடியிருந்த சனம் ஓரடி பின்வாங்கியது.

"அம்மிணி, நீ பண்ணுனது தப்பு" என்றார் ஆறுச்சாமிப் பூசாரி.

"தப்புத்தானுங்க சாமி. அதுக்கும் சேத்து ஒரு பலன் சொல்லிப்போடுங்க."

சொல்லிவிட்டு நிலைக்கால் இரண்டையும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால், பாயில், அவள் பெற்ற ஆறு வயதுப் பெண் தலையோடு கால் போர்த்தியபடி கிடந்தது. காலையில் எழுப்பப் போனவள் கைக்கு உடம்பு சில்லென்று இருந்தது. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. ராத்திரி இன்னொரு தோசை கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் படுத்த பிள்ளை. அவ்வளவுதான்.

புருஷன் அங்கமுத்து காங்கேயத்துக்கு, அவளுடைய அப்பன் வீட்டுக்குச் சேதி சொல்லப் போயிருந்தான். அவன் பஸ் ஏறிய கையோடு வந்து சேர்ந்தார்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் அந்த உடம்பு வேண்டியிருந்தது.

பூசாரிக்கு அதைப் பொழுது சாய்வதற்குள் புதைத்தாக வேண்டும். ரெட்டைப் பிள்ளையில் ஒன்று போனால் மற்றதைக் கூப்பிடுமாம். அதனால் உயிரோடு இருப்பதைக் குழி மேட்டில் நிற்கவைத்து, 'நீ யாரோ நான் யாரோ' என்று சொல்லவைத்து உறவை அறுக்க வேண்டுமாம்.

டாக்டர் ரங்கநாயகம் பனியன் கம்பெனி வேனில் வந்திருந்தார். கம்பெனி ஆட்களுக்கு அவர்தான் வைத்தியம். அவருக்கு உடம்பை அறுத்துப் பார்க்க வேண்டும். இருதயத்தை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தால் படிக்கிற பிள்ளைகளுக்கு உபயோகப்படும் என்றார். நல்ல மனுஷர். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் மயிலாத்தாளுக்கு இன்னும் எரிந்தது.

இரண்டு பேருக்கும் அவள் ஒரே பதில்தான் சொன்னாள். "எதுக்குச் செத்துச்சுன்னு சொல்லுங்க. சரியாச் சொல்றவங்க கையில நானே தூக்கிக் குடுத்தர்றேன்."

அவர்களுக்கு அதில் கஷ்டமே இருக்கவில்லை.

பிறந்தது ரெட்டைப் பெண்கள். தங்கம் முந்தி, பொன்னி பிந்தி. அச்சு அசலாக ஒரே முகம். அங்கமுத்து கட்டிங் மாஸ்டர். மிச்சத் துணியை மடித்துப் போட்டு, ஒரே கத்தியில் இரண்டு கவுனாக வெட்டிவிடுவான். தெருவில் ஒருவருக்கும் எது எதுவென்று தெரியாது.

போன வருஷம் பொன்னி மூச்சு வாங்குகிறாள் என்று டாக்டரிடம் கொண்டுபோனார்கள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே, உள்ளே இரைச்சல் கேட்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். இருதயத்தில் ஓட்டை. ஆபரேஷன் தாங்குகிற ஓட்டையும் அல்ல. பத்து வயதைத் தாண்டினால் அதிசயம். தங்கத்துக்கு ஒரு குறையும் இல்லை.

பயந்துபோய்க் கோயிலில் பூ கேட்டார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். தங்கத்துக்கு வெள்ளை வந்தது, நூறு வயசு. பொன்னிக்குச் சிவப்பு. பூசாரி உதட்டைப் பிதுக்கினார்.

பூசாரியைக் கண்டால் டாக்டருக்கு ஆகாது. டாக்டரை 'ஊசிக்காரர்' என்றுதான் பூசாரி சொல்லுவார். அப்படிப்பட்டவர்கள் இன்று டீக்கடை பெஞ்சில் சம்பந்திகளைப் போல அருகருகே உட்கார்ந்து, அவர் சொன்னதற்கு இவரும் இவர் சொன்னதற்கு அவரும் தலையாட்டினார்கள். வந்ததிலிருந்து மயிலாத்தாளிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் சொல்லத்தான் செய்தார்கள். ஓட்டை என்றார் டாக்டர். விதி என்றார் பூசாரி. அன்னிக்கே சொன்னேனே என்றார்கள் இருவரும்.

"செரீங்க" என்றாள் அவள். "ஒரே வவுறு, ஒரே பாலு, ஒரே நட்சத்திரம். ஒண்ணுக்கு மட்டும் ஏனுங்க ஓட்டை?"

கருவில் இரண்டு அறைக்கு நடுவிலுள்ள சுவர் சிலதுக்கு மூடாமல் போவதுண்டு என்று விளக்கினார் டாக்டர். சில சமயம் ரெட்டையில் ஒன்றுக்கு மட்டும் அப்படி ஆகுமாம். அது எப்படி மூடாமல் போச்சுன்னு சொல்றீங்க, எதுக்கு இவளுக்குன்னுதான் கேக்கறேன் என்றாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை யாராலும் சொல்ல முடியாதம்மா என்றார்.

பூசாரி பிடித்துக்கொண்டார். போன பிறவிக் கடன் என்றார்.

"என்ன கடனுங்க? அந்தப் பிறவியில அவ யாரு, என்ன பண்ணுனா?"

"அது ஆத்தாளுக்குத்தான் தெரியும்."

மயிலாத்தாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அழுதுகொண்டிருந்த பொம்பளைகள்கூட அழுகையை நிறுத்தினார்கள். அவள் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். துணியில் ஒரு பொத்தல் இருந்தால் எந்த மிஷின், எந்த ஊசி என்று சொல்லியாக வேண்டும். தெரியாது என்றால் சூப்பர்வைசர் வாயில் வராத பேச்சு வரும். இவர்களை மட்டும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தெரியாது என்பதையே ஒருவர் இங்கிலீஷிலும் ஒருவர் மந்திரத்திலும் சொல்லிவிட்டுக் கும்பிடு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

"இவளோட பேசிப் பிரயோஜனமில்லை, தூக்குங்கப்பா" என்று பூசாரி ஆட்களைப் பார்த்தார். இரண்டு பேர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு படியேறினார்கள்.

மயிலாத்தாள் நிலைக்காலை விடவில்லை. பக்கத்து அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அங்கே தெற்கத்திக்காரி கருத்தம்மா, காலையிலிருந்து இன்னொரு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தி வைத்திருந்தாள். கருத்தம்மா வெளியே வந்தாள். இடுப்பில் பிள்ளை. அழுது வீங்கிய முகம்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. பூசாரியின் முகம்கூட இளகியது. கையை நீட்டிப் பிள்ளையின் தலையில் வைத்தார். "உனக்கொண்ணும் ஆகாது கண்ணு. ஆத்தா வெள்ளைப்பூ குடுத்தவ நீயி."

"டாக்டரும் ஒருக்காப் பாத்துச் சொல்லட்டுங்க" என்றாள் மயிலாத்தாள். குரல் இப்போது இறங்கியிருந்தது. "மனசு ஆறட்டும்."

டாக்டர் உடனே எழுந்தார். அந்த அளவுக்காவது ஆறுதல் தர முடிகிறதே என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. "இவளுக்கென்னம்மா, இரும்பு மாதிரி இருதயம்" என்று சொல்லிக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தார்.

வைத்தவர் அசையவில்லை.

கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். கண்ணை மூடிக் கேட்டார். காதிலிருந்து கருவியை எடுத்து, அதில்தான் ஏதோ கோளாறு என்பது போலத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார்.

"என்னங்க?" என்றார் பூசாரி.

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. மயிலாத்தாளைத்தான் பார்த்தார்.

"கேட்டுச்சுங்களா இரைச்சல்?" என்றாள் அவள். "நீங்க நாள் குறிச்ச பொன்னி இவதானுங்க. உள்ள செத்துக் கெடக்கறது தங்கம்."