சின்னத்துரையின் குட்டைத் துவக்கு

தோட்டத்துக்கு உதவி மேலாளராக வந்த சின்னத்துரை, கொழும்பிலிருந்து கொண்டுவந்த புதுத் துவக்கை ஒருவரிடமும் காட்டிப் பீற்றிக்கொள்ளாமல் விடவில்லை. குட்டைக் குழல், புதருக்குள் நுழைந்தாலும் கொடியில் மாட்டாது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. பழைய துவக்குகளைப் போல இதை நடுவில் மடிக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே துள்ளும். முன்னால் தள்ளி அமுக்கினால் அடியிலிருந்து அடுத்தது ஏறிக்கொள்ளும். தோட்டா ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம், கூர்முனை. இவ்வளவும் அந்த மனுசனுக்கு மனப்பாடம். சுடத்தான் தெரியாது.

யட்டியாந்தோட்டைக்கு மேலே அந்த ரப்பர் மலைக்குக் காவல்காரன் கஜேந்திரன். இளங்கன்றுகளைக் கிளறிப்போடும் பன்றிகளைச் சுடுவது அவன் வேலை. அவனிடம் இருந்தது தோட்டத்துப் பழைய ஒற்றைக்குழல். தகரம் தட்டிப் பன்றி விரட்டும் ஆட்களில் அவன் தங்கை சுகந்தினியின் புருசன் ஏழுமலையும் ஒருவன். அந்தக் கல்யாணத்தை முன்னின்று முடித்தவனே கஜேந்திரன்தான். வருசம் இன்னும் திரும்பவில்லை.

வேட்டையில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பன்றி ஆளைச் சாய்த்துவிட்டால் தூரத்தில் நின்று சுடமாட்டார்கள். ஓடிப்போய்க் குழலை அதன் விலாவில் வைத்து அழுத்திச் சுடுவார்கள். பழைய துவக்கின் ஈய உருண்டைகள் அத்தனையும் பன்றியின் உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். கீழே கிடப்பவன் பன்றி இரத்தத்தில் குளித்து எழுந்து வருவான். விரட்டும் ஆட்களில் ஒருவனான காத்தமுத்துவைக் கஜேந்திரன் அப்படித்தான் காப்பாற்றினான்.

"இன்னைக்கு உன்ட துவக்கு வேணாம். நான் சுடுறேன்" என்று கஜேந்திரனிடம் சொன்னார் சின்னத்துரை.

காலையில் ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடிந்த நேரம். தகரச் சத்தத்துக்குப் புதர் கிழிந்து கிடாப்பன்றி ஒன்று வெளியே பாய்ந்தது. சின்னத்துரை சுட்டார். குண்டு பன்றியின் பின்தொடையைத் துளைத்துக்கொண்டு போய் ரப்பர் மரத்தில் இறங்கியது. ஓட்டையிலிருந்து பால் வழிந்தது. அதை நின்று பார்க்க யாருக்கு நேரம்? அடிபட்ட பன்றி திரும்பிவிட்டது. சின்னத்துரை துவக்கைப் போட்டுவிட்டு எடுத்தார் ஓட்டம். பன்றி ஏழுமலையை மழைத்தண்ணி வடியும் கானுக்குள் மல்லாக்கத் தள்ளி மேலே ஏறியது.

"மச்சான்! மச்சான்!" என்று கத்தினான் ஏழுமலை.

கஜேந்திரனுக்குத் தங்கையைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை. சின்னத்துரை போட்டுவிட்டுப் போன துவக்கை எடுத்தான். கைப்பிடியை இழுத்தான், தள்ளினான், அமுக்கினான். கானுக்குள் குதித்துக் குழலைப் பன்றியின் விலாவில் வைத்து அழுத்திச் சுட்டான். பன்றி அப்படியே சரிந்தது.

அதைப் புரட்டித் தள்ளி ஏழுமலையின் கையைப் பிடித்து இழுத்தான். "எந்திரி மச்சான், செத்துருச்சு." ஏழுமலையின் முழங்கையில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனால் அவன் எழவில்லை. நெஞ்சில் விரல் நுழையுமளவுக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து கொப்பளித்த இரத்தம் பன்றியுடையது இல்லை. கஜேந்திரன் இரண்டு கையாலும் பொத்தினான். விரலிடுக்கால் பீறிட்டது. ஏழுமலை ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், வாயிலும் இரத்தம்தான் வந்தது. பிறகு கண் நிலைகுத்திவிட்டது. பாவி மனுசன், காப்பாற்ற வந்தவன் கையாலேயே போய்ச் சேர்ந்தான்.

திரும்பி வந்த சின்னத்துரை கஜேந்திரன் காதருகே குனிந்தார். "பன்றி குத்தினதுன்னு சொல்லு. நானும் அப்படித்தான் சொல்லுவேன். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அதற்குள் சேதி ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்துக்கு எட்டிவிட்டது. அங்கே நின்ற சுகந்தினி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். புருசன் மேல் விழுந்து அலறினாள். செத்த பன்றியைக் காலால் உதைத்தாள். பிறகு அண்ணன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அந்தச் சனியன நீதானேண்ணே சுட்ட? சும்மா விடலயே நீ. நீ நல்லா இருக்கணும்ண்ணே!"

சின்னத்துரை கண்ணைக் காட்டினார். கஜேந்திரனுக்குத் தாங்கவில்லை. வேறு யாரிடமும் பொய் சொல்லியிருப்பான்.

"பன்னி ஒண்ணும் செய்யலம்மா" என்றான். "நான் சுட்டதுதான் அத துளைச்சுக்கிட்டு மச்சான் நெஞ்சுல ஏறிருச்சு. நான்தான் கொன்னுட்டேன்."

அவள் கைகள் அவன் காலிலிருந்து கழன்றன. எழுந்தாள். இரண்டு கையாலும் அவன் முகத்தில் மாறி மாறி அறைந்தாள். உதடு கிழிந்தது. ஆட்கள் அவளைப் பிடிக்க ஓடிவந்தார்கள்.

"விடுங்க" என்றான் கஜேந்திரன். "அடிக்கட்டும்."