தீர்த்தம் பட்ட ரெண்டு சீட்டர்

கார் என்றால் இரண்டு பேர் உட்கார இடம் இருந்தால் போதும். மூன்றாவது ஆளுக்கு இடம் வைத்தால் அது எஞ்சின் வைத்த மாட்டு வண்டி. கூரையும் தேவையில்லை, மழைக்குப் பயப்படுகிறவர் ரிக்‌ஷாவில் போகட்டும். என் பெயர் ஆம்ப்ரோஸ். துறைமுகத்தில் கப்பல்களுக்கு அரிசி, பருப்பு, காய்கறி ஏற்றிவிடுவது என் தொழில். தொழிலில் நாலு பேர் சொல்வதைக் கேட்பேன். கார் விஷயத்தில் யார் சொல்லையும் கேட்பதில்லை.

என்னுடையது சிவப்பு ரெண்டு சீட்டர். ஜார்ஜ் மன்னர் முடிசூடிய வருஷம், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கினேன். நீண்ட மூக்கு, பக்கத்துக்கொரு பித்தளை விளக்கு. கதவு என்று ஒன்று கிடையாது. சிராங்கூன் ரோட்டில் எருமைகள் ஒதுங்கி வழிவிட அது உறுமிக்கொண்டு போனால், பொற்கொல்லர்கள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். எனக்கும் மார்பு இரண்டு அங்குலம் விரியும், பொய் சொல்வானேன்.

அந்த அழகு சும்மா வருவதில்லை. சனிக்கிழமையானால் மற்ற வேலைக்கெல்லாம் முழுக்குப் போட்டுவிட்டு, ஜாலான் புசார் வீட்டின் பின்கட்டில் காரோடு உட்கார்ந்துவிடுவேன். சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, காய்ச்சிய கொழுப்பில் ஊறப்போட வேண்டும். கிளட்ச்சுக்குள் இருக்கும் தோல் பட்டை காய்ந்தால் கார் வெட்டி வெட்டி இழுக்கும். அதற்கு விளக்கெண்ணெய் தடவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே மேக்னெட்டோ. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற சின்னப் பெட்டி அது. அதற்குள் கொஞ்சம் ஈரம் போனாலும் கார் வெறும் மரக்கட்டைதான். இதையெல்லாம் வேலைக்காரனிடம் விடுகிறவனுக்கு வேகமான கார் வைத்துக்கொள்ள யோக்கியதை கிடையாது.

என் மனைவி ஆனியின் அண்ணன் அருளானந்தத்துக்கு இதெல்லாம் ஏறாது. செம்பவாங்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதும் உத்தியோகம் பார்க்கிறார். என் காரைக் கண்டாலே அவருக்கு முகம் சுளிக்கும்.

"மாப்பிள்ளை, குடும்பஸ்தனுக்கு ரெண்டு சீட்டு வண்டி எதுக்கு? நாளைக்குப் புள்ளகுட்டி பொறந்தா இடுப்புல கட்டிக்கிட்டா போவீங்க? இதைத் தள்ளிவிட்டுட்டுக் கூரை போட்ட பெரிய காரா எடுங்க. இது என் வீடு வரைக்கும்கூட வராது."

"ஒரு இடத்துல நிக்காம வரும், மச்சான்."

"வராது."

பேச்சு தடித்தது. கடைசியில் ஆனிதான் தீர்ப்புச் சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுல விருந்து. பூசை முடிஞ்சதும் என்னை இதுல கூட்டிட்டுப் போங்க. யாரும் தள்ளாம, வழியில நிக்காம போச்சுன்னா இதையே வச்சுக்கங்க. இல்லேன்னா அண்ணன் சொல்றபடி செஞ்சுடுங்க."

ரோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தோற்றால் என்ன ஆகும் என்று யோசித்தேன். காரை வேறு யாராவது வாங்கி ஓட்டிக்கொண்டு போவதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் ரோட்டு மாதா கோயிலில் பூசை முடிந்ததும், காரை மந்திரித்துத் தரும்படி சாமியாரைக் கேட்டிருந்தேன். ஜனங்கள் சுற்றி நின்றார்கள். அருளானந்தம் கொஞ்சம் தள்ளி, தான் வாடகைக்கு அமர்த்திய ஐந்து சீட்டுக் காரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். சாமியார் முன்பக்கம் இரண்டு துளி தெளித்துவிட்டு நகரப் பார்த்தார். எனக்கு அது போதவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்தேன்.

"சாமி, உசுரே இங்கதான் இருக்கு. இதுமேல நல்லாத் தெளிங்க."

பாவம், நல்ல மனுஷன். மூன்று முறை தெளிப்பானைத் தீர்த்தத்தில் முக்கி முக்கித் தெளித்தார். நான் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றேன். தீர்த்தமும் தண்ணீர்தான் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எஞ்சினைக் கிளப்பும் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினேன். கார் இருமக்கூட இல்லை. மறுபடி சுற்றினேன். கோட்டுக்குள் வியர்வை ஓடியது. அப்போதுதான் பார்த்தேன்: மேக்னெட்டோவின் மேல் தீர்த்தம் பளபளவென்று முத்து முத்தாக நிற்கிறது.

துடைத்தால் தீர்ந்தது. எப்படித் துடைப்பது? கையில் இருந்தது எண்ணெயும் கரியும் ஊறிய கந்தல். கைக்குட்டையும் பித்தளை துடைத்துக் கறுத்துக் கிடந்தது. சாமியார் இப்போதுதான் மந்திரித்த தீர்த்தத்தை, கோயில் வாசலில், ஊர் ஜனத்துக்கு முன்னால் அழுக்குக் கந்தலால் வழித்து எறிவதா? கை வரவில்லை.

"என்ன மாப்பிள்ளை, தள்ளச் சொல்லட்டுமா?" என்றார் அருளானந்தம்.

ஆனி காரிலிருந்து இறங்கினாள். பூசைக்குப் போட்டிருந்த வெள்ளை முக்காட்டை எடுத்தாள். சாமியாரைப் பார்த்து, "சாமி, தீர்த்தத்தை இதுல ஒத்தி எடுத்துக்கலாங்களா? வீட்டுல பத்திரமா வச்சுக்கறேன்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

அவள் குனிந்து மேக்னெட்டோவைத் துடைத்தாள். அதோடு நிற்கவில்லை. கம்பிக் கொக்கியை விரலால் தள்ளி அந்தப் பெட்டியின் மூடியைத் தூக்கி, உள்ளே முக்காட்டு நுனியை விட்டு ஒற்றினாள். கம்பிகளின் அடியைத் துடைத்தாள். மூடியைப் பழையபடி பொருத்தினாள். அவளுக்கு நான் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

"இப்ப சுத்துங்க," என்றாள்.

ஒரே சுற்று. கார் கர்ஜித்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

பாலஸ்டியர் தாண்டித் தாம்சன் ரோட்டில் ஏறியதும் நான் காரை அதன் போக்கில் விட்டேன். மேட்டைப் பார்த்ததும் அது குனிந்துகொண்டு பாய்ந்தது. செம்மண் புழுதி பின்னால் புகையாய் எழுந்தது. இருபுறமும் ரப்பர் மரங்கள் வந்தன, போயின. இதற்கு ஈடாக உலகத்தில் ஒரு கார் இல்லை. ஆனியின் கூந்தல் பிரிந்து முகமெல்லாம் அடித்தது. அவள் அதை ஒதுக்கக்கூட இல்லை.

என் மனம் மட்டும் கோயில் வாசலிலேயே நின்றது. சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டேன்.

"நீ சும்மா உக்காந்திருந்தா பெரிய கார் வந்திருக்குமே. ஏன் இறங்கித் துடைச்சே?"

"இதைக் கொடுத்துட்டா வீட்டுல உங்க குரலே கேக்காதுங்க."

எனக்குப் புரியவில்லை. அவள் என் காதருகே சாய்ந்து சொன்னாள்.

"கல்யாணமானதுலேர்ந்து என்கிட்ட நீங்க பேசுறதெல்லாம் சோறு, சட்டை, குடை எங்கன்னுதான். சனிக்கிழமை இதுகிட்ட எவ்வளவு பேசுறீங்க! செல்லமே, இங்க வலிக்குதா, மூடியைத் தூக்கி உள்ள துடைக்கட்டுமா, ஈரம் ஆகாதுடா உனக்குன்னு... அடுப்படியில உக்காந்து நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருப்பேன். எனக்குச் சனிக்கிழமைதான் பிடிக்கும்."

"அப்ப ஏன் அண்ணன் பக்கம் சேர்ந்து அப்படி ஒரு பந்தயம் வச்சே?"

"வேற எப்படி என்னை இதுல ஏத்துவீங்க? வண்டி வந்து ஒரு வருஷமாச்சு. ஒரு நாள் வான்னு கூப்பிட்டீங்களா?"

முகம் சுட்டது. அந்தப் பக்கத்து சீட்டில் இத்தனை நாளும் நான் ஸ்பானர் பெட்டியை வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். காரிடம் கொட்டுகிற வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. அவள்மேல் அவ்வளவு ஆசையாக இருந்தது. அதைச் சொல்லவும் தெரியவில்லை.

செம்பவாங் இன்னும் கொஞ்ச தூரம்தான். வேகத்தைக் குறைத்தேன்.

"என்னங்க, நிக்கப் போகுதா?" என்று பதறினாள் ஆனி.

"நிக்காது. நீ பேசு."

பின்னால் ஹாரன் அலறியது. அருளானந்தத்தின் ஐந்து சீட்டுக் கார் எங்கள்மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுத் தாண்டிப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.